சும்மா ஒரு ஐடியா சொல்லுங்க சார்

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் படித்து, பெங்களூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். இப்போது சொந்த ஊருக்கே திரும்பி வந்து 'பிராண்டு கன்சல்டன்சி' ஆரம்பித்திருக்கிறான். கம்பெனி என்றால் அவன் ஒருவன்தான். ஆர்.எம். காலனியில் மாடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், கதவில் ஆங்கிலத்தில் ஒரு பெயர்.

"தொழில் எப்படிடா போகுது?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை மாமா. மூணு பெரிய பார்ட்டி பேசிக்கிட்டு இருக்காங்க."

"எத்தனை பேரு அட்வான்ஸ் குடுத்திருக்காங்க?"

சிரித்தான். "இன்னும் யாரும் குடுக்கல மாமா. முதல்ல ரெண்டு மூணு டிசைன் காட்டுங்க, புடிச்சிருந்தா பேசலாம்னு சொல்லியிருக்காங்க. மூணு பேருக்கும் ராத்திரி பகலா செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒரு கிளையண்ட் மாட்டிட்டா போதும், அப்புறம் தானா வந்துரும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. காபி கொண்டுவந்த என் மனைவி, "ஏன் அந்தப் புள்ளைகிட்ட கத்துறீங்க? நீங்களும் இப்படித்தானே இருந்தீங்க?" என்றாள். அவள் சொன்னது உண்மை. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. அவனிடம் கத்தி முடித்த பிறகும் மிச்சம் இருந்த கோபத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் கதை கொஞ்சம் தெரியும். மதுரையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் குப்பை கொட்டிவிட்டு, 1994-ல், நாற்பத்தொரு வயதில், வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்தேன். ஊரில் நூற்பாலைகள் இருக்கின்றன, தோல் ஷெட்டுகள் இருக்கின்றன, எண்ணெய் மில், மசாலா, ஜவுளி எல்லாம் இருக்கின்றன. ஆனால் 'உங்கள் சரக்குக்கு என்ன பெயர், அதை எப்படிக் காப்பாற்றுவது' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, நாம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது 'பிராண்டு' என்ற வார்த்தையே நம் ஊரில் புழக்கத்தில் இல்லை. என்னை 'போர்டு எழுதுறவர்' என்றுதான் சொல்வார்கள். மாமனார் வீட்டில் ஒரு கல்யாணத்தில், "மாப்பிள்ளை விளம்பரத்துல இருக்காரே, டிவியில எப்ப வருவாரு?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

முதலில் போன இடம் ஒரு மசாலாக் கம்பெனி. பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர், காபியும் வடையும் கொடுத்து உட்கார வைத்தார். "சும்மா ஒரு ஐடியா சொல்லுங்க சார், பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார். மூன்று மாதம் உழைத்தேன். புதுப் பெயர் ஒன்று, பாக்கெட்டுக்கு நிறம், மூன்று விதமான டிசைன், எந்தெந்தக் கடையில் எப்படித் தொங்கவிடுவது என்பது வரைக்கும் எழுதி ஒரு ஃபைலாகக் கொடுத்தேன். "பிரமாதம் சார். வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள்.

ஏழு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கப் போனபோது தலைக்கு மேலே சரம் சரமாக என் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. என் பெயர் என்றால் நான் வைத்த பெயர். நான் சொன்ன சிவப்பைக் கொஞ்சம் கருஞ்சிவப்பாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நேரே போய்க் கேட்டேன். "அது நம்ம பையன் யோசிச்சது சார். நீங்களும் அதையேதான் சொன்னீங்களா? பாத்தீங்களா, நல்ல மூளை எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யுது" என்று சொல்லி, போகும்போது இரண்டு பாக்கெட் சாம்பார்ப் பொடி கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன்!

அந்தச் சமயம் என் மனைவியின் சங்கிலி அடகில் இருந்தது. அந்தப் பொடியைப் போட்டுக் குழம்பு வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏங்க, இதைவிடக் காஸ்ட்லி மசாலா இந்த ஊர்ல எவளும் போட்டிருக்க மாட்டா." குழம்பு நன்றாக இருந்தது. சரக்கு நல்ல சரக்கு. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒருவர் வரைந்த படத்துக்கு, எழுதிய எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. மனதில் தோன்றிய யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. நிறத்தையும் வடிவத்தையும் கொஞ்சம் மாற்றிவிட்டால் உம்மால் ஒன்றும் நிரூபிக்க முடியாது, வழக்குப் போட்டால் பணம்தான் போகும் என்றார். அதாவது, நம் தொழிலில் விலைமதிப்பு எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் பாதுகாப்பு இல்லை. கையில் இருக்கும் ஒரே சரக்கை விலை பேசுவதற்கு முன்பே எடுத்து நீட்டிவிட்டு, பிறகு "ஏமாத்திட்டான்" என்று அழுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஆனால் அந்த முதலாளியை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன். அடுத்த வருடம் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு ஜவுளிக்கடை. அவர்களுக்குப் போர்டும் விளம்பரமும் வழக்கமாகச் செய்துகொண்டிருந்தவர் ஒரு ஓவியர். சினிமா பேனர் வரைந்து கை பழகியவர், எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தீபாவளிக்கு அவர் ஒரு தொகை சொல்லியிருந்தார். நான் உள்ளே புகுந்து, "முதல் டிசைன் இலவசமாகவே செய்து தருகிறேன், பாருங்கள்" என்றேன். வேலை எனக்கு வந்தது. அவருக்குப் போயிற்று. அன்றைக்கு அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தீபாவளிக்கு அந்தக் கடைக்காரர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "மதுரையில ஒருத்தர் சும்மாவே பண்ணித் தர்றேன்னு சொல்றாரு சார்."

நான் கற்றுக்கொடுத்த பாடம்தான். அவர் நன்றாகப் படித்திருந்தார். இலவசத்துக்காக நம்மிடம் வந்த வாடிக்கையாளர், இன்னொருவர் இலவசம் என்றதும் அங்கே போவார். அதில் அவருடைய தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஓவியரைப் பிறகு சில தடவை ரவுண்டு ரோட்டில் சைக்கிளில் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதலாளிமார்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரியே இருக்கும். "சேலைக் கடையில நூறு சேலையை எடுத்துப் போட்டுக் காட்டுறாங்களே, அதுக்குக் காசா கேக்குறாங்க? பாக்காம எப்படிங்க வாங்குறது?"

ஐயா, சேலையைக் காட்டினால், பிடிக்காவிட்டால் மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். அடுத்த ஆளுக்கு விற்கலாம். யோசனையைக் காட்டிவிட்டால் அதைத் திரும்ப மடிக்க முடியாது. அது உங்கள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டரிடம் போய், "முதல்ல மருந்து எழுதிக் குடுங்க, கேட்டா ஃபீஸ் தர்றேன்" என்று சொல்கிறீர்களா? வக்கீலிடம், "கேசு ஜெயிக்குற பாயிண்ட் மட்டும் சொல்லுங்க" என்கிறீர்களா? ஆடிட்டருக்கு முகம் சுளிக்காமல் கொடுக்கிற நீங்கள், உங்கள் கம்பெனியின் பெயரைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு மட்டும் காபியும் வடையும் போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

பார்க்காமல் வாங்க வேண்டாம். அவன் முன்பு செய்த வேலையைப் பாருங்கள். அவனுடைய பழைய வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டு விசாரியுங்கள். பெண் கொடுக்கும்போது விசாரிக்கிற மாதிரி விசாரியுங்கள், தப்பே இல்லை.

இதெல்லாம் ஒரு தனி ஆளின் வயிற்றுப் பாடு, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று நினைக்கலாம். இது நம் ஊரின் பாடும் கூட. பெயருக்குச் செலவு செய்யாத ஊர் என்ன ஆகும் என்பதற்கு நம் திண்டுக்கல்லை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

வெள்ளைக்காரன் காலத்தில் 'ட்ரிச்சினாபொலி' சுருட்டு லண்டன் வரைக்கும் பிரசித்தம். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே அது ட்ரிச்சினாபொலி சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். அந்தச் சுருட்டுக்குப் புகையிலை எங்கே விளைந்தது? திண்டுக்கல் வட்டாரத்தில். உழுதது நாம், உலகம் சொன்னது திருச்சி பெயரை.

சரி, புகையிலை போகட்டும், அது உடம்புக்குக் கேடு. சின்னாளபட்டிக்கு வாருங்கள். ஊரே சுங்குடியால் பிழைத்த ஊர். நம் வீட்டுப் பெண்கள் எல்லாம் கட்டிய சேலை. புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்தது, 'மதுரை சுங்குடி' என்ற பெயரில். நிலக்கோட்டைக்கு வாருங்கள். விடியற்காலையில் அந்தப் பூ மார்க்கெட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், மல்லிகை எங்கே விளைகிறது என்று. குறியீடு 2013-ல் கிடைத்தது, 'மதுரை மல்லி' என்று. மதுரைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் அங்கே சோறு தின்றவன். அந்த ஊரின் பெயர் பெரிய பெயர், பழைய பெயர். 1985 வரைக்கும் நாமே மதுரை மாவட்டத்தில்தானே இருந்தோம். ஆனால் ஒரு தடவை நடந்தால் விதி என்று விடலாம். மூன்று தடவை நடந்தால் நாம் எங்கேயோ தூங்கியிருக்கிறோம் என்று அர்த்தம்.

நம் பெயரோடு நிலைத்து நிற்பவை என்று பார்த்தால், சட்டென்று இரண்டைத்தான் ஊர் உலகம் சொல்லும். பிரியாணியும் பூட்டும்.

பிரியாணிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்தபோது கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலையில் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்த ஜனங்கள் 'தலப்பாகட்டி கடை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எந்த நிபுணரும் வைத்த பெயர் இல்லை. 'பாத்தியா, பெயர் தானா வந்துச்சு, கன்சல்டண்ட் எதுக்கு?' என்று இதை வைத்து என்னிடம் வாதம் செய்தவர்கள் உண்டு. தானாக வந்தது சரி. தானாக நின்றதா? சீரகச் சம்பா அரிசியை மாற்றாமல் இருந்தார்கள், கறியில் கை வைக்காமல் இருந்தார்கள். பிறகு அந்தப் பெயரும் அதைப் போன்ற பெயர்களும் பல போர்டுகளில் ஏறியபோது, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு நடந்தது. வக்கீல் ஃபீஸ், அலைச்சல், வருடங்கள். பெயர் இலவசமாகக் கிடைத்தது. அதை வைத்துக்கொள்ளப் பணம் செலவானது. இந்த ஒரு பாடத்தை மட்டும் நம் முதலாளிமார்கள் படித்தால் போதும்.

பூட்டு வேறு கதை. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து வாங்கியது. அதே மாதம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். நானும் நாலு பேருக்கு ஃபோன் செய்தேன். அப்புறம்? கடைக்குப் போய்ப் பூட்டுக் கேட்கிறவருக்கு எது கையால் செய்த நம் ஊர் லீவர் பூட்டு, எது அலிகாரில் மிஷினில் செய்து வந்து இறங்கியது என்று பார்த்தவுடன் தெரிகிறதா? குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை உள்ளவர்களாகப் பூட்டுச் செய்கிறவர்கள் தனித்தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், கள்ளப் பூட்டு வந்தால் புகார் கொடுக்க வேண்டும், வாங்குகிறவருக்கு வித்தியாசம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதையெல்லாம் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்ய ஒரு ஆள் வேண்டும். நாகல் நகர்ப் பட்டறையில் ராவிக்கொண்டிருக்கிற வயசான ஆசாரியா இதைச் செய்வார்? சான்றிதழுக்கு ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் அது பூட்டு விற்காது.

இப்போது என் தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன். இலவசமாக யோசனை சொல்கிறவன் என்ன தருகிறான்? பெயர் ஒன்று, படம் ஒன்று. முதல் நாள் வேலை. இரண்டாம் நாளிலிருந்து பத்தாம் வருடம் வரைக்கும் இருக்கிற வேலைக்கு அவன் இருக்க மாட்டான், ஏனென்றால் அதற்குள் அவன் பசித்து வேறு வேலைக்குப் போயிருப்பான். ஊரில் அந்த வேலைக்கு ஆளே தங்காமல் போவதற்கு இதுதான் காரணம். நமக்குக் கிடைப்பது கலர் கலராக லோகோக்கள். பெயரைக் காக்க ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இலவசமாகச் செய்கிறவனுக்கு முதலாளியைச் சந்தோஷப்படுத்துவது மட்டும்தான் குறி. உண்மையைச் சொல்ல அவனால் முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

வத்தலக்குண்டு பக்கம் ஒரு எண்ணெய் மில். கடலை எண்ணெய் சுத்தமான எண்ணெய், ஆனால் விற்பனை படுத்துவிட்டது. புதுப் பெயர், புது லேபிள் வேண்டும் என்றார். அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது. "டிசைன் இப்போது கிடையாது. ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு என்ன கோளாறு என்று எழுதித் தருகிறேன். அதற்கு இவ்வளவு கட்டணம், பாதி முன்பணம்" என்றேன். முகம் சுருங்கியது. கொடுத்தார். அவர் எண்ணெய் விற்கிற பத்து மளிகைக் கடை, விற்காத பத்து மளிகைக் கடை என்று பஸ்ஸில் போய் இறங்கிப் பேசினேன். விஷயம் மூன்றாவது கடையிலேயே தெரிந்துவிட்டது. பாட்டில் மூடி கசிகிறது. லேபிள் எல்லாம் எண்ணெய் ஊறி, மேலே தூசி ஒட்டி, பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் கடைக்காரர்கள் பாட்டிலைப் பின் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆறாவது கடைக்காரர் ஒரு படி மேலே போய், "தரையெல்லாம் வழுக்குது சார்" என்றார்.

"பெயரை மாற்றாதீர்கள், லேபிளை மாற்றாதீர்கள், மூடியை மாற்றுங்கள்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு டிசைன் காசு போயிற்று. அவர் மூடியை மாற்றினார். அதன் பிறகு பதினொரு வருடம் அவர் என்னை விடவில்லை. மாதாமாதம் ஒரு தொகை. நாலு வாடிக்கையாளர்களை அவரே அழைத்து வந்தார். நான் இலவசமாக டிசைன் காட்டி வேலை பிடிக்கிற ஆளாக இருந்திருந்தால், மூன்று அழகான லேபிள் வரைந்து கொடுத்திருப்பேன். அதுவும் எண்ணெயில் ஊறியிருக்கும்.

"அப்ப புது ஆளுக்கு கிளையண்ட் எப்படித்தான் மாமா கெடைப்பாங்க?" என்று அவன் கேட்டான். கோபம் தணிந்த பிறகு அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

முதலாவது, கண்ட இடத்தில் வலை வீசாதே. டேவிட் ஓகில்வி என்று ஒருவர். பாரிஸில் சமையல்காரராக இருந்தவர், வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றவர். 1948-ல் நியூயார்க்கில் விளம்பரக் கம்பெனி ஆரம்பித்தார். ஆரம்பித்த சூட்டிலேயே, தாம் பிடிக்க விரும்பும் ஐந்து கம்பெனிகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். ஷெல், லீவர் பிரதர்ஸ் எல்லாம் அதில் உண்டு. எல்லாமே இமயமலை. ஆனால் ஐந்தும் பின்னால் அவரிடம் வந்து சேர்ந்தன. 1963-ல் வந்த அவர் புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார். நீயும் ஐந்து எழுது. நியூயார்க் வேண்டாம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், பழனி, நிலக்கோட்டை, திண்டுக்கல் போதும். அந்த ஐந்து பேருடைய சரக்கை நீயே காசு கொடுத்து வாங்கு. உபயோகித்துப் பார். விற்கிற கடையில் போய் நில். பிறகு போய்ப் பேசு. அப்போது உன்னிடம் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும். நல்ல கேள்வி கேட்கிறவனை முதலாளி மறக்க மாட்டார். கேள்வியை இலவசமாகக் கொடு, பதிலைக் கொடுக்காதே.

இரண்டாவது, வாசலைச் சின்னதாக வை. அந்த எண்ணெய் மில்லுக்குச் செய்த மாதிரி ஒரு வார வேலை, சின்னக் கட்டணம். அவருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, உனக்கும் கூலி உண்டு. அந்தச் சின்னத் தொகையைக் கூடக் கொடுக்கத் தயங்குகிறவர் பெரிய தொகையைக் கொடுக்கவே மாட்டார். சீக்கிரம் தெரிந்துகொண்டது லாபம்தான்.

மூன்றாவது, பெயர் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெயர் காலியாக இருக்கிறதா என்று பார். டிரேட்மார்க் பதிவேட்டை இப்போது வீட்டில் இருந்தபடியே தேடிப் பார்க்கலாம். சிறு தொழில் என்றால் ஒரு வகைச் சரக்குக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய். ஒரு போர்டுக்கு ஆகிற செலவு கூட இல்லை. இதைச் செய்யாமல் அழகான பெயர் வைத்துக் கொடுக்கிறவன், பட்டா பார்க்காமல் மனை விற்கிறவன் மாதிரி.

நான்காவது, ஒரே வாடிக்கையாளரை நம்பி வீட்டு வாடகையைக் கட்டாதே. அவர் தும்மினால் உனக்குக் காய்ச்சல் வரும். அவருக்கு நீ 'இல்லை' என்று சொல்ல முடியாது. 'இல்லை' என்று சொல்ல முடியாதவன் ஆலோசகன் கிடையாது.

ஐந்தாவது, இலவசமாகச் செய்ய ஆசையாக இருந்தால் தாராளமாகச் செய். ஆனால் தானமாகச் செய். அந்தப் பூட்டுப் பட்டறை ஆசாரிக்குச் செய், சின்னாளபட்டியில் தறி போட்டிருக்கிறவருக்குச் செய். பில் எழுது, முழுத் தொகையையும் போடு, கீழே 'தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. வேலையின் விலை என்ன என்று அவருக்கும் தெரியட்டும், உனக்கும் மறக்காமல் இருக்கட்டும். கோடி ரூபாய் புரள்கிற மில்லுக்கு இலவசமாகச் செய்வதற்குப் பெயர் தானம் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "மூணு பேரும் போயிட்டா என்ன மாமா பண்றது? இந்த மாசம் அறை வாடகை ஆறாயிரம்" என்றான். அதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. போவார்கள்தான். எனக்கும் போனார்கள். சங்கிலி அடகுக்குப் போனதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அது திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்று. ஆனால் மூன்று மாதம் ராத்திரி பகலாக உழைத்துவிட்டுப் போவதை விட, முதல் நாளிலேயே போய்விட்டால் அந்த மூன்று மாதம் கையில் இருக்கும். என் மனைவி உள்ளே போய் அவனுக்கு ஆறாயிரம் எடுத்து வந்து கொடுத்தாள். "இது கடன். அத்தைக்கு நீ பில் போட வேண்டாம்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்தான். மூன்று பேருக்கும் கட்டணம் போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டானாம். ஒருவர், "உங்க ஃபீல்டுல எல்லாரும் ஃப்ரீயாத்தானே பண்றாங்க?" என்று கேட்டு வைத்துவிட்டார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர், "அந்த ஒரு வார வேலையில் என்னென்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். இன்னும் பணம் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் என் வயதுக்காரர்கள். உங்களில் சிலர் கடை வைத்திருந்தீர்கள், மில் நடத்தினீர்கள். இப்போது பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இன்னும் உங்கள் பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் என்றால் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். நாளைக்கு ஒரு பையன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அவனுக்குக் காபி கொடுங்கள். "சும்மா ஒரு ஐடியா சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். அதிகம் என்றால் பேரம் பேசுங்கள், கட்டுப்படியாகாது என்றால் அனுப்பிவிடுங்கள். நம் ஊரில் பேரத்துக்கா பஞ்சம்?